மாட்டுச் சந்தையும் ஆள் சந்தையும்: தொழிலாளர் பொருளியல் படிக்க வருகிறவர்களுக்கு

முதுகலையில் சேர்ந்த புதிதில் காரிமங்கலத்து அத்தை கேட்டார்: “என்ன கண்ணு படிக்கிற?”

“தொழிலாளர் பொருளியலும் தொழிலுறவும் அத்தை.”

“அதுக்கு எதுக்குக் காலேஜு? உங்க மாமா இருபது வருசமா ஓசூர்ல அதைத்தானே பண்ணிட்டிருக்காரு!”

அத்தை சொன்னதில் பாதி உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பு தெருவிலேயே நடக்கிறது. விடியுமுன் நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் யூனிஃபார்ம் பிள்ளைகள், தூக்குச்சட்டியோடு பெங்களூரு கட்டட வேலைக்குக் கிளம்பும் மேஸ்திரி செட்டு, மாங்கூழ் ஆலை எப்போது ஓட ஆரம்பிக்கும் என்று ஆனி மாதத்துக்கு முன்பே விசாரிக்கிற பெண்கள், கிரானைட் குவாரியில் உளி பிடித்துக் காய்த்த கைகள். பாடநூலில் வருகிற ஆட்கள் எல்லோரையும் நமக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர்கள்தான் தெரியாது.

தொழிலாளர் பொருளியல் கேட்கிற கேள்வி, இந்த வேலைக்கு ஏன் இந்தக் கூலி என்பது. தொழிலுறவு கேட்பது, அந்தக் கூலியை யார், எந்த விதிப்படி, யாரோடு உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்பது. முதல் கேள்வியில் கணக்கு அதிகம், இரண்டாவதில் சட்டமும் வரலாறும் அதிகம். பல பல்கலைக்கழகங்களில் இவை இரண்டும் ஒரே படிப்புக்குள் அடுத்தடுத்த தாள்களாக வரும். ஏன் சேர்த்து வைத்தார்கள் என்பது புரிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் எளிது. அதை விளக்கப் போச்சம்பள்ளி சந்தைக்குப் போவோம்.

மாடு தானே தன்னை விற்றால்

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விலை படிந்ததும் விற்றவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். மாடு அன்றிரவு எந்தக் கொட்டகையில் நிற்கிறது, என்ன தீனி கிடைக்கிறது, யார் கையால் அடி வாங்குகிறது என்பதெல்லாம் இனி அவர் பாடு இல்லை.

உழைப்பைச் சந்தையில் விற்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. விற்கிறவரும் அவரே, மாடும் அவரே. எட்டு மணி நேரத்தை விற்றால் அந்த எட்டு மணி நேரமும் சரக்கோடு அவரும் போய் நிற்க வேண்டும். இதை 1890இலேயே ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எடுத்துச் சொன்னார். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பின் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலாவது, கூலி மட்டுமே விலை ஆகாது. ஷெட்டுக்குள் எவ்வளவு வெக்கை, சூப்பர்வைசர் வாய் எப்படி, கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், நைட் ஷிப்ட் முடித்தால் வீடு வரை பஸ் வருமா, எல்லாம் விலைக்குள் அடக்கம். ஒரே சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் ஆள் நிலைப்பதும் இன்னொன்றில் மாதம் தவறாமல் ஓடுவதும் இதனால்தான்.

இரண்டாவது, இந்தச் சரக்கு சாயங்காலத்துக்குள் அழுகிவிடும். இன்று விலை படியாத மாட்டை அடுத்த வாரம் ஓட்டிக்கொண்டு வரலாம். இன்று விற்காத நாள் இன்றோடு போயிற்று. ஆலை முதலாளியால் ஒரு வாரம் காத்திருக்க முடியும், வீட்டில் அரிசி தீர்ந்தவரால் முடியாது. பேரம் பேசுகிற இரு கையும் சமபலம் இல்லை என்பது இங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கம்பெனி காசு கொடுத்து வாங்குவது நேரத்தை. அதற்கு வேண்டியதோ வேலை. நேரத்தை வேலையாக மாற்றுவது யார் பொறுப்பு, எவ்வளவு வேகத்தில், எத்தனை பீஸ்? இதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் முழுதாக எழுதப்படுவதில்லை, எழுதவும் முடியாது. டார்கெட், மேற்பார்வை, ஓவர்டைம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த எழுதப்படாத இடத்தில் நடக்கின்றன. தொழிலுறவு என்ற பாடத்துக்கு அந்த இடம்தான் சொந்த ஊர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944இல் பிலடெல்பியாவில் கூடி ‘உழைப்பு ஒரு சரக்கல்ல’ என்று அறிவித்தது. விற்கவும் வாங்கவும் படுகிறது, ஆனால் சரக்கல்ல. அந்த முரண்பாட்டோடுதான் நீங்கள் மூன்று ஆண்டும் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

“வீட்டுல சும்மாதான் இருக்கேன்”

முதல் செமஸ்டரில் பெரும்பாலோர் சலிப்போடு கடக்கிற பகுதி, யார் தொழிலாளி, யார் வேலையற்றவர் என்ற வரையறைகள். எனக்கும் அப்போது சலிப்புதான். இப்போது கேட்டால், இதைவிடச் சுவையான பகுதி இல்லை என்பேன்.

இந்தியாவில் இந்தக் கணக்கை எடுப்பது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017இல் தொடங்கியது, 2025 முதல் மாதந்தோறும் எண்கள் வருகின்றன. ஆட்களை அது மூன்று கூடைகளில் போடும்: வேலை செய்கிறவர், வேலை தேடுகிற அல்லது வேலைக்குத் தயாராக இருக்கிறவர், இரண்டும் இல்லாதவர். முதல் இரண்டு கூடையும் சேர்ந்ததுதான் உழைப்புப் படை. வேலையின்மை விகிதம் என்பது அந்தப் படையில் இரண்டாவது கூடைக்காரர்களின் பங்கு.

ஒரு சின்ன அள்ளி, அதாவது கிராமம், என்று வைத்துக்கொள்வோம். 160 பெரியவர்கள். 92 பேர் வேலையில், 8 பேர் தேடுகிறார்கள், 60 பேர் இரண்டும் இல்லை. உழைப்புப் படை 100, வேலையின்மை 8 சதவீதம். அடுத்த ஆண்டு அந்த எட்டுப் பேரில் நான்கு பேர் அலைந்து அலுத்து, இனி எங்கும் கேட்பதில்லை என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது படை 96, தேடுகிறவர் 4. வேலையின்மை 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதியாகக் குறைந்துவிட்டது! ஒருவருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் இந்த விகிதம் ஏறியது இறங்கியது என்று கத்தும்போது, கூடவே பங்கேற்பு விகிதம் (மொத்தப் பெரியவர்களில் உழைப்புப் படையின் பங்கு) எவ்வளவு என்று கேட்கப் பழகினால் முதல் செமஸ்டர் கட்டணம் வசூலாகிவிட்டது.

இனி அத்தைக்கு வருவோம். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார், காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றுகிறார். “என்ன பண்றீங்க?” என்று யாராவது கேட்டால், “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்பார். கணக்கெடுப்பு விதிப்படி அவர் சுயதொழில் செய்கிறவர். அடுத்த வீட்டு அக்கா, வீட்டுத் தேவைக்கு மட்டும் விறகு பொறுக்கி, சொந்த மாட்டுக்குப் புல் அறுத்து வருகிறார். அவருக்குத் தனிக் குறியீட்டு எண் உண்டு, 93. அந்த எண் உழைப்புப் படைக்கு வெளியே இருக்கிறது. இருவருக்கும் இடுப்புவலி ஒன்றுதான். ஒருவர் வேலை செய்கிறவர், மற்றவர் இல்லத்தரசி. இன்னொன்று: வாராந்திர நிலைக் கணக்கில், கடந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், அவர் வேலையில் இருப்பவர். வரையறை தவறு என்று சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும். எங்கே கிழித்தார்கள் என்று தெரியாமல் எண்ணை நம்புவதுதான் தவறு. பெண்கள் வேலைக்கு வருவதும் விலகுவதும் ஏன் என்ற ஆய்வுக்காக 2023இல் கிளாடியா கோல்டினுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. அவர் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, பழைய பதிவேடுகள் எண்ணாமல் விட்ட பெண்களை மீண்டும் எண்ணியது.

தோத்தாபுரிக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்

தேவை என்ற பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். யாருக்கும் உழைப்பு உழைப்புக்காகவே வேண்டியிருப்பதில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் தோல் சீவ ஆள் வேண்டும் என்றால், எங்கோ ஒரு நகரத்தில் யாரோ மாம்பழ ஜூஸ் குடிக்கிறார்கள் என்று பொருள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் கூழ் தேங்கும், கூழ் தேங்கினால் தோத்தாபுரி மாம்பழ விலை சரியும், ஷிப்ட் குறையும், பர்கூர் பக்கத்துப் பெண் ஒருவருக்கு அந்தப் பருவத்தில் இருபது நாள் வேலை போகும். பாடநூல்கள் இதைத் ‘தருவிக்கப்பட்ட தேவை’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கின்றன. ஒட்டுத் தேவை என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒட்டுச்செடி மாதிரி, வேர் வேறொரு இடத்தில்.

வழங்கல் பக்கத்தில் நம் மாவட்டத்துக்குப் பொருந்துகிற பாடம் இடப்பெயர்ச்சி. பென்னாகரத்து ஆள் பெங்களூருக்குப் போவது அங்கே வேலை உறுதி என்பதால் இல்லை. 1970இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இருவர் சொன்னபடி, அவர் மனதில் ஓடுவது ஒரு பெருக்கல்: அங்கே கிடைக்கும் கூலி, பெருக்கல், வேலை கிடைக்கும் வாய்ப்பு. ஊரில் நாளுக்கு 500 ரூபாய், மாதத்தில் 10 நாள் வேலை என்றால் 5,000. அங்கே 900 ரூபாய், 15 நாள் கிடைத்தாலும் 13,500. வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போனாலும் கை ஓங்கித்தான் இருக்கிறது. இந்தப் பெருக்கலில் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போவதன் விலை வராது. அதைச் சேர்க்கத் தெரிந்த ஆய்வாளர் நம் ஊரிலிருந்து வந்தால் நன்றாக இருக்கும்.

ஒரே லைன், நாலு அட்டை

கல்லூரிக்கு வருமுன் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் ட்ரெய்னியாக இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் அசெம்பிளி லைனில் வரிசையாக நான்கு பேர் நிற்போம். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மட்டும் வேறு. ஒருவர் பர்மனென்ட், ஒருவர் காண்ட்ராக்ட், ஒருவர் அப்ரன்டிஸ், நான் ட்ரெய்னி. முறுக்குகிற போல்ட் ஒன்றுதான். பர்மனென்ட் அண்ணனின் சம்பளம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு என்று கேள்விப்பட்ட அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. தேவையும் வழங்கலும் சந்திக்கிற புள்ளிதான் கூலி என்றால், ஒரே போல்டுக்கு நான்கு புள்ளி எப்படி?

இதற்குப் பின்னால் வகுப்பில்தான் பதில் கிடைத்தது. டோரிஞ்சர், பியோரே என்ற இருவர் 1971இல் எழுதிய விளக்கம்: பெரிய நிறுவனத்துக்குள் தனியாக ஒரு உள்சந்தை இருக்கிறது. வாசலில் நுழைவதற்கு மட்டும்தான் வெளியுலகப் போட்டி. உள்ளே போனபிறகு சீனியாரிட்டி, கிரேடு, ஒப்பந்தம் இவைதான் கூலியைத் தீர்மானிக்கும், வெளியே எத்தனை பேர் குறைந்த சம்பளத்துக்குக் காத்திருந்தாலும் சரி. வாசலுக்கு வெளியே இன்னொரு சந்தை. அங்கே கூலி குறைவு, நிலையில்லை, ஆர்டர் குறைந்தால் முதலில் போகிறவர் அங்கிருந்துதான். உள்ளே இருப்பவருக்கு மழை படாமலிருக்க வெளியே இருப்பவர் குடையாகிறார்.

சட்டம் இங்கே எப்படி நுழைகிறது என்று பாருங்கள். அப்ரன்டிஸ் சட்டம் 1961 பயிற்சியாளரைத் தொழிலாளி என்றே கருதுவதில்லை. தமிழ்நாட்டில் 1981இல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டமோ, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கு என்கிறது. அந்த நாள் நிரம்புமுன் ஆளை நிறுத்திவிடுகிற ‘பிரேக்’ என்ற சொல்லை ஓசூரில் எல்லோரும் அறிவார்கள். பதினொரு மாதத்தில் என்னை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. 480 என்ற எண்ணைப் படித்தபோது புரிந்தது. சந்தை தரும் விடை என்று நினைத்த ஒன்று, உண்மையில் ஒரு சட்டப் பிரிவுக்கு எதிராக யாரோ போட்ட நாள்கணக்கு. பொருளியல் மட்டும் படித்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. சட்டம் மட்டும் படித்திருந்தால், அந்தக் கணக்கைப் போடுவதில் கம்பெனிக்கு என்ன லாபம் என்று தெரிந்திருக்காது.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு நூல்

தொழிலுறவு வரலாற்றுக்கு நம் மாவட்டத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது, பலர் அப்படிப் பார்ப்பதில்லை. பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த சுப்பிரமணிய சிவா, 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களை வ.உ.சி.யோடு சேர்ந்து வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தன, ஆலை இறங்கி வந்தது. மார்ச் 12இல் இருவரும் கைது. அன்று இந்தியாவில் தொழிற்சங்கத்துக்கென்று சட்டம் எதுவும் இல்லை.

அடுத்த முடிச்சு சென்னையில். 1918 ஏப்ரல் 27இல் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றவர். 1920-21இல் ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டது: எங்கள் தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார், இழப்பீடு கொடு. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் நடத்துவதே ஒருவரைக் கடனாளி ஆக்கலாம் என்று தெரிந்ததும் நாடு முழுக்கக் குரல் எழுந்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மீது இப்படி வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. இந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்கிற மாணவர்களுக்கு, அந்தப் பிரிவு ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வது குறைவு.

வகுப்பில் இதற்கெல்லாம் ஒரு சட்டகம் தருவார்கள். 1958இல் ஜான் டன்லப் வரைந்தது. மூன்று பாத்திரங்கள்: தொழிலாளரும் அவர்கள் அமைப்பும், நிர்வாகம், அரசு. மூவரும் சேர்ந்து பின்னுகிற விதிகளின் வலைதான் தொழிலுறவு. அவருக்குப் பிறகு ஆலன் ஃபாக்ஸ், நிறுவனத்தைப் பார்க்கிற கண்களைப் பிரித்தார். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்பது ஒரு கண். ‘நலன்கள் வேறுவேறு, அவை மோதுவது இயல்பு, மோத ஒரு முறை வேண்டும்’ என்பது இன்னொரு கண். ஹெச்ஆர் பாடங்கள் பெரும்பாலும் முதல் கண்ணோடு பார்க்கும், தொழிலுறவு இரண்டாவதோடு. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் ஆர்டர் குறைந்தால் டிஸ்மிஸ்ஸும் கொடுக்கிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை என்பேன். ஆனால் இரண்டு கண்ணும் தேர்வுக்கு வரும்.

கூட்டுப் பேரம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. சங்கம் மாதம் 9,000 ரூபாய் உயர்வு கேட்டுக் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கிறது. உள்ளுக்குள் 5,500க்குக் கீழே கையெழுத்து இல்லை என்று முடிவு. நிர்வாகம் 3,000 என்று ஆரம்பிக்கிறது, உள்ளுக்குள் 6,500 வரை போகலாம் என்று இருக்கிறது. 5,500க்கும் 6,500க்கும் நடுவில் எந்த எண்ணில் முடிந்தாலும் இருவருக்கும் சம்மதம். அப்படியானால் வேலைநிறுத்தம் ஏன் வருகிறது, இருவருக்கும் நட்டம்தானே? 1932இல் ஜான் ஹிக்ஸ் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. மாட்டுத் தரகர் துண்டு போர்த்துவது ஊராருக்கு மறைக்கத்தான், விரல் பிடித்த இருவருக்கும் கேட்ட விலை தெரியும். சம்பளப் பேச்சில் அந்த இருவருக்கு நடுவிலேயே ஒரு துண்டு கிடக்கிறது. எதிராளியின் கடைசி எண் தெரியாது. நிர்வாகம் 5,000இல் பிடிவாதமாக நின்றுவிட்டால் வேலைநிறுத்தம்தான். ஹிக்ஸ் சொன்னது, பெரும்பாலான வேலைநிறுத்தங்கள் இப்படித் தப்புக்கணக்கில் பிறந்தவை என்று.

பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் வருவார். இங்கேதான் ஓசூர் டீக்கடைகளில் காதில் விழும் இரண்டு எண்கள்: “ட்வெல்வ் த்ரீ போட்டாச்சா, எய்ட்டீன் ஒன்னா?” 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. சமரச அலுவலர் முன் போட்ட 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும், கையெழுத்துப் போடாத சங்கத்தாரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும். தங்களுக்குள் பேசி முடித்த 18(1) கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டும். ஒரே ஆலையில் இரண்டு சங்கம் இருந்தால், எந்த எண்ணில் போடுகிறார்கள் என்பதை வைத்தே யாரை ஓரங்கட்டுகிறார்கள் என்று மாமா சொல்லிவிடுவார்.

இந்தப் பிரிவு எண்கள் இப்போது பழையவை. 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொழிலுறவுத் தொகுப்பில் முக்கியமான மாற்றங்கள்: வேலைநிறுத்தத்துக்கு எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சொல்லிவைத்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம், 51 சதவீத ஆதரவுள்ள சங்கம் இருந்தால் அதற்கே பேச்சு நடத்தும் உரிமை, ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300. இப்போது சேர்கிறவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தீர்ப்புகளெல்லாம் பழைய எண்ணில் இருக்கின்றன, மாமாவின் பேச்சும் அப்படியே.

எங்கே படிப்பது, என்ன வேலை

சேலம் பெரியார் பல்கலைக்கழகம்தான் 1997 முதல் நம் இரு மாவட்டங்களுக்கும் தாய்ப் பல்கலைக்கழகம். பொருளியல் பட்டம் எடுத்தால் தொழிலாளர் பொருளியல் ஒரு தாளாக வருமா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேருங்கள். முழுக்க இதற்கென்றே படிக்க, சென்னையில் தொழிலாளர் துறையின் கீழ் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது, இளங்கலையும் முதுகலையும் தொழிலாளர் மேலாண்மையில். சமூகப்பணி முதுகலையில் தொழிலாளர் நலப் பிரிவு எடுப்பது மூன்றாவது வழி. கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு: சதவீதமும் வரைபடமும் புரிந்தால் இளங்கலையைத் தாண்டலாம். முதுகலையில் புள்ளியியல் வரும், அதற்கு மட்டும் தனியாக உட்கார வேண்டும்.

வேலை என்றால், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் வைக்கச் சொன்னது. புதிய தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கிறது, ஓசூரில் இது எத்தனை நாற்காலி என்று நீங்களே யோசிக்கலாம். குரூப் 2 தேர்வில் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணி உண்டு. கற்பிக்க விரும்பினால் நெட் தேர்வில் தொழிலாளர் நலத்துக்குப் பாட எண் 55.

ஜூஜூவாடி தாண்டி ஒரு ஆய்வு

ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது குறைந்தபட்சக் கூலி. இரண்டு பாடமும் முட்டுகிற இடம் அது. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு ஒரு கணக்கு வகுத்தது: ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று நுகர்வு அலகு, ஒவ்வொன்றுக்கும் 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் வெளிச்சத்துக்கு 20 சதவீதம். கணவர் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இருவரும் தலா 0.6, ஆக 3 என்று விளக்குவார்கள். அந்த 0.8ஐ அத்தையிடம் சொன்னேன். “மாடு கறக்கிறதுக்கு யாரு, மீதி இருக்கிற புள்ளி ரெண்டு வருமா?” என்றார். 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது.

பொருளியலாளர் கேட்பது வேறு: இப்படிக் கூலியை ஏற்றினால் வேலை குறையாதா? பாடநூல் வரைபடம் குறையும் என்றது. 1992இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஆக்கவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளை விசாரித்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. காரணமாகச் சொல்லப்படுவதில் ஒன்று, கூலியைத் தீர்மானிப்பது போட்டிச் சந்தை அல்ல, போக வேறு இடமில்லாத ஆளிடம் முதலாளிக்கு இருக்கிற பிடி என்பது. குழந்தையை விட்டு நான்கு கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத பெண்ணுக்கு, பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஆலையே முழுச் சந்தை. அங்கே கூலி கொஞ்சம் உயர்ந்தாலும் முதலாளிக்கு ஆளை அனுப்ப அவசியம் இருக்காது. 2021இல் கார்டுக்கு நோபல் வந்தது. க்ரூகர் 2019இலேயே இறந்துவிட்டார். விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

நமக்கு நியூ ஜெர்சி வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே குறைந்தபட்சக் கூலியை வேறொரு அரசு வேறு தேதியில் அறிவிக்கிறது. வெயில் ஒன்று, பேசும் மொழிகள் இரண்டு பக்கமும் கலந்தே இருக்கின்றன, பரோட்டா மாவும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லைக்கு இந்தப்புறம் முப்பது சாப்பாட்டுக் கடை, அந்தப்புறம் முப்பது, அறிவிப்புக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இரண்டு சிக்கல்கள் வரும். அரசாணையில் இருக்கும் கூலியும் கையில் வரும் கூலியும் ஒன்றாக இருக்காது, ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஓசூரில் படுத்து அத்திப்பள்ளியில் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களைத் தனியாக எண்ண வேண்டும். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே என்றால் அதற்கும் ஒரு விலை போடுங்கள். சம்பளக் கேள்வியை மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்து மாஸ்டர் பின்பக்கம் பீடிக்கு வரும்போது கேளுங்கள். கல்லாவில் ஓனர் உட்கார்ந்திருக்கையில் கேட்டால் அறுபது கடையிலும் ஒரே சம்பளம்தான் வரும்.